எண்ணெய்ச் சட்டி இல்லாமல் ஒரு மொறுமொறுப்பு: சர்க்கரைவள்ளிக் குச்சிகள்

(மனையியல் பிரிவு மாணவியர், மேல்நிலை இரண்டாம் ஆண்டு)

பள்ளி விட்டு வீடு திரும்பும் பிள்ளைகள் புத்தகப் பையை இறக்கி வைக்கும் முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அம்மா, தின்ன என்ன இருக்கு?" என்பதே அது. நம் பாட்டிமார் காலத்துச் சமையலறைகளில் இக்கேள்விக்கு விடை எப்போதும் ஆயத்தமாக இருந்தது. அவித்த கடலை, எள்ளுருண்டை, தணலில் சுட்ட கிழங்கு என்று ஏதேனும் ஒன்று கைக்கு வரும். இன்றோ தெருமுனைக் கடையில் சரம் சரமாகத் தொங்கும் வறுவல் பொட்டலங்களே பல வீடுகளில் விடையாகிவிட்டன. அப்பொட்டலங்களின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். 100 கிராம் உருளைக்கிழங்கு வறுவலில் ஏறத்தாழ 30 முதல் 35 கிராம் வரை கொழுப்பு என்றிருக்கும். வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் என்று பொருள்!

வறுவலை விரும்புவது பிள்ளைகளின் குற்றமா? இல்லை. பல்லுக்கிடையில் 'மொறுக்' என்று ஒடியும் பண்டத்தை விரும்புவது மனித இயல்பு. ஆகவே, "வறுவல் தின்னாதே" என்று கண்டிப்பதைவிட, அதே மொறுமொறுப்பை நல்ல பொருளில், குறைந்த எண்ணெயில் கொண்டுவர இயலுமா என்று பார்ப்பதே பயனுள்ளது என்று எங்களுக்குத் தோன்றியது. அதற்கு நாங்கள் தேர்ந்துகொண்டது சர்க்கரைவள்ளிக்கிழங்கு. அதைக் குச்சி குச்சியாக நறுக்கி, ஓவனில் சுட்டெடுக்கும் முறையையும், ஒவ்வொரு படிக்கும் உள்ள காரணத்தையும் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம். மொறுமொறுப்பின் இரகசியம் எண்ணெயில் இல்லை, நீரில் இருக்கிறது என்பதே நாங்கள் கற்றுக்கொண்ட முதல் பாடம்.

கிழங்கின் கதை

சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தென் மாவட்டங்களில் சீனிக்கிழங்கு என்பார்கள். இலங்கைத் தமிழர் வற்றாளை என்பர். பொங்கல் நாளில் கரும்புக்கும் மஞ்சள் குலைக்கும் பக்கத்தில் பனங்கிழங்கோடும் சிறுகிழங்கோடும் குவிந்து கிடப்பதால் இது நம் மண்ணிலேயே தோன்றியது என்று எண்ணத் தோன்றும். ஆனால் இதன் பிறப்பிடம் நடு, தென் அமெரிக்கப் பகுதி. போர்த்துக்கீசியரின் கப்பல்கள் வழியாக இது இந்தியாவுக்கு வந்தது என்பர். 'பொட்டேட்டோ' என்ற பெயரும் முதலில் இதற்கே உரியது. கரீபியத் தீவு மக்கள் இதை 'படாட்டா' என்று அழைத்தனர். அந்தச் சொல்லே பின்னர் உருளைக்கிழங்கின் பெயராக மாறிப் போயிற்று.

பெயரைப் பகிர்ந்துகொண்டாலும் இரண்டும் உறவினர் அல்ல. உருளைக்கிழங்கு கத்தரி, தக்காளியின் குடும்பம். சர்க்கரைவள்ளி, வேலியில் ஊதா மலர் பூக்கும் கொடிகளின் குடும்பம். தாவரவியல் வகுப்பில் படித்தது நினைவிருக்கும்: உருளைக்கிழங்கு மண்ணுக்குள் பருத்த தண்டு, சர்க்கரைவள்ளியோ மண்ணுக்குள் பருத்த வேர். இந்த வேறுபாட்டைச் சமையலறையில் மறந்துவிடக்கூடாது. உருளைக்கிழங்கில் மாவுச்சத்து மிகுதி, சர்க்கரை குறைவு. சர்க்கரைவள்ளியில் இயல்பாகவே சர்க்கரை உண்டு. சூடுபடும்போது அது மேலும் கூடும். ஆகவே ஒன்றுக்குச் செய்யும் பக்குவத்தை மற்றொன்றுக்கு அப்படியே செய்தால் பலன் கிட்டாது.

பஞ்ச காலங்களில் இக்கிழங்கு உயிர் காத்த வரலாறும் உண்டு. 1732ஆம் ஆண்டில் ஜப்பானின் மேற்குப் பகுதியில் பெரும் பஞ்சம் ஏற்பட்டபோது, சர்க்கரைவள்ளி பயிரிட்டிருந்த இடங்களில் மக்கள் பிழைத்தனர். அதன்பின் அவோக்கி கோன்யோ என்ற அறிஞர் அன்றைய எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், இதைப் பயிரிட்டுப் பரப்பினார். சூடான கூழாங்கற்களுக்கிடையே வைத்துச் சுட்ட இக்கிழங்கு இன்றும் அந்நாட்டில் குளிர்காலத் தெருத் தின்பண்டமாக விற்கப்படுகிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

குச்சிகளுக்குச் சிறந்தது நடுத்தரப் பருமனுள்ள, நேரான, கெட்டியான கிழங்கு. மிகப் பெருத்ததில் நார் மிகுந்திருக்கும். மிகச் சிறியதில் தோலை நீக்கிய பின் குச்சி வெட்ட ஒன்றும் மிஞ்சாது.

தோலில் சிறு சிறு துளைகள் தெரிந்தால் அது கூன்வண்டின் வேலை. கூன்வண்டு குடைந்த கிழங்கு கசந்து நாறும். "கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாமே" என்று சிக்கனம் பார்க்க வேண்டா. வண்டு குடைந்தால் கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள நச்சுப் பொருள்களை உண்டாக்குகிறது. வேகவைத்தாலும் அவை முழுவதும் நீங்குவதில்லை. அப்படிப்பட்ட கிழங்கை முழுவதுமே ஒதுக்கிவிடுவது நல்லது. ஆடு மாடுகளுக்கும் போடலாகாது.

வாங்கி வந்த கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும் கூடாது. இது வெப்ப நாட்டுப் பயிர். அதிகக் குளிரில் கிழங்கின் நடுப்பகுதி இறுகிவிடும். பின் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் கட்டியாகவே நிற்கும். காற்றாடும் கூடையில், நிழலில், ஈரம் படாமல் வைத்தாலே போதும். ஒரு வாரம், பத்து நாள் தாராளமாக இருக்கும்.

மொறுமொறுப்பு என்பது என்ன?

செய்முறைக்குள் நுழையும் முன் இதைப் புரிந்துகொள்வோம். 100 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ 77 கிராம் நீர்தான். நீர் கொதிப்பது 100 டிகிரி சென்டிகிரேடில் அல்லவா? குச்சியின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும் வரை, ஓவன் எத்தனை டிகிரியில் இருந்தாலும், அந்த மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறாது. வரும் சூடெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். அந்நிலையில் கிழங்கு வேகும், மொறுமொறுப்பாகாது. மேற்பரப்பு காய்ந்த பிறகே சூடு மேலே ஏறி, பொன்னிறப் பொறுக்கு கட்டத் தொடங்கும்.

கொதிக்கும் எண்ணெயில் போட்டால் குச்சியின் நாற்புறமும் ஒரே சமயத்தில் கடுஞ்சூடு படுவதால் மேற்பரப்பு விரைவில் காய்ந்துவிடுகிறது. எண்ணெயின் பணி அவ்வளவே. ஓவனில் காற்றுதான் சூட்டைக் கொண்டு வருகிறது. காற்று எண்ணெயைப் போல் விரைவாகச் சூட்டைக் கொடுப்பதில்லை. ஆகவே நீரை வெளியேற்ற நாம்தான் துணை செய்ய வேண்டும். கீழ்வரும் படிகள் பெரும்பாலும் அத்துணையே என்பதைப் படிக்கும்போது காண்பீர்கள்.

இன்னொரு செய்தி. சர்க்கரைவள்ளியில் 'அமிலேஸ்' என்னும் நொதி உண்டு. கிழங்கு ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி வரை சூட்டில் இருக்கும்போது இந்நொதி மாவுச்சத்தை உடைத்து 'மால்டோஸ்' என்னும் சர்க்கரையாக்குகிறது. தணலில் முழுக் கிழங்கை மெல்லச் சுட்டால் அது அந்தச் சூட்டிலேயே நெடுநேரம் தங்குகிறது. அதனால்தான் சுட்ட கிழங்கு தேனாக இனிக்கிறது! குச்சிகளோ மெல்லியவை, அந்தச் சூட்டை விரைந்து கடந்துவிடும். எனவே குச்சியில் இனிப்புச் சற்றுக் குறைவு, மாவுப் பதம் சற்று அதிகம். மொறுமொறுப்புக்கு அதுவே ஏற்றது. இனிப்பு வேண்டுவோர் முழுக் கிழங்காகச் சுடலாம். மொறுமொறுப்பு வேண்டுவோர் குச்சியாகச் சுடலாம். இரண்டையும் ஒன்றிலேயே எதிர்பார்க்க வேண்டா.

தேவையான பொருள்கள் (நால்வருக்கு)

சர்க்கரைவள்ளிக்கிழங்கு - அரைக் கிலோ
கார்ன்ஃப்ளவர் (அல்லது மெல்லிய அரிசி மாவு) - ஒன்றரை மேசைக்கரண்டி
கடலை எண்ணெய் - ஒன்றரை மேசைக்கரண்டி
மிளகுத் தூள் - அரைத் தேக்கரண்டி
சீரகத் தூள் - கால் தேக்கரண்டி
உப்பு - தேவைக்கேற்ப (கடைசியில் தூவ)

ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் என்பது சுமார் 20 கிராம். நால்வர் பகிர்ந்தால் ஒருவருக்கு 5 கிராம்தான்.

செய்முறை

1. கிழங்கை மண் போக நன்றாகக் கழுவித் தோலைச் சீவவும். தோல் நோயின்றிச் சுத்தமாக இருந்தால் சீவாமலும் செய்யலாம். வெட்டும்போது பால் போன்ற பிசின் கசிந்து கையில் ஒட்டும்; கையில் சிறிது எண்ணெய் தடவிக்கொண்டால் தொல்லையில்லை.

2. விரல் நீளத்தில், ஒரு சென்டிமீட்டர் கனத்தில் குச்சிகளாக நறுக்கவும். எல்லாக் குச்சிகளும் ஒரே கனமாக இருப்பது முக்கியம். ஒன்று மெல்லியதாகவும் ஒன்று தடிமனாகவும் இருந்தால், மெல்லியது கருகும் வரை தடித்தது வேகாது.

3. நறுக்க நறுக்கக் குளிர்ந்த நீரில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவிடவும். வெட்டுப்பட்ட இடத்திலுள்ள தளர்ந்த மாவும் சிறிது சர்க்கரையும் நீரில் கரைந்துவிடும். குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டா. சீக்கிரம் கருகவும் மாட்டா. காற்றுப் பட்டுக் கறுப்பதும் இல்லை.

4. நீரை வடித்து, சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, ஒவ்வொரு குச்சியையும் ஈரம் போகத் துடைக்கவும். பொறுமையைச் சோதிக்கும் படி இதுதான். ஆயினும் இதைவிட முக்கியமான படி வேறில்லை.

5. ஓவனை 220 டிகிரிக்கு வைத்து, 15 நிமிடம் முன்னதாகவே சூடாக்கவும்.

6. குச்சிகளின் மேல் மாவைத் தூவிக் குலுக்கவும். வெள்ளைப் படலமாக மெல்லப் படிந்தால் போதும். மாவு எஞ்சியிருந்த ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு மேலே மெல்லிய ஓடாகும். பிறகு எண்ணெய், மிளகுத் தூள், சீரகத் தூள் சேர்த்துப் புரட்டவும். எண்ணெயை முதலில் விட்டு மாவைப் பிறகு போட்டால் மாவு திட்டுத் திட்டாக நிற்கும். உப்பு இப்போது சேர்க்கலாகாது.

7. எண்ணெய் தடவிய தட்டில் ஒரே அடுக்காக, குச்சிக்குக் குச்சி இடைவெளி விட்டுப் பரப்பவும். ஒரு தட்டில் இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாகச் செய்யவும்.

8. 15 நிமிடம் சென்றதும் தட்டை வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் திருப்பிப் போடவும். மீண்டும் 10 முதல் 15 நிமிடம் வைக்கவும். விளிம்புகள் பொன்னிறமானதும் ஓவனை அணைக்கவும்.

9. அணைத்ததும் எடுத்துவிடாமல், கதவைச் சற்றே திறந்து வைத்து 5 நிமிடம் உள்ளேயே விடவும். உள்ளே தங்கிய ஆவி வெளியேறிவிடும்.

10. வெளியே எடுத்து உப்புத் தூவி உடனே பரிமாறவும்.

தங்கைமாருக்கு ஒரு வார்த்தை: ஓவன் கதவைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், சூடான ஆவி முகத்தில் அடிக்கும். தட்டை எடுக்கக் கனத்த, உலர்ந்த துணியையே பயன்படுத்துங்கள். ஈரத் துணி வழியே சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும். ஈரக் கையுடன் மின்விசையைத் தொடவே கூடாது. பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது அவசியம்.

நான்கு தட்டுகள்

"உப்பை முதலில் போட்டால் என்ன? இடைவெளி எதற்கு?" என்ற கேள்விகள் எழுவது இயற்கை. காரணத்தைக் கண்ணால் காண வேண்டும் என்று மனையியல் கூடத்தில் நான்கு தட்டுகள் தயாரித்தோம். ஒரே கிழங்கு வகை, ஒரே சூடு, ஒரே நேரம். முதல் தட்டு மேற்கண்ட முறைப்படி. இரண்டாவதில் குச்சிகளை நெருக்கி, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டோம். மூன்றாவதில் உப்பை முதலிலேயே கலந்து கால் மணி நேரம் வைத்திருந்தோம். நான்காவதில் ஊறிய குச்சிகளைத் துடைக்காமல் அப்படியே வைத்தோம்.

இரண்டாம் தட்டுக் குச்சிகள் அவித்த கிழங்கு போல் குழைந்திருந்தன. ஒன்றிலிருந்து எழுந்த ஆவி மற்றொன்றின்மேல் படிந்து, ஒன்றையொன்று வேகவைத்துவிட்டன. மூன்றாம் தட்டில், ஓவனுக்குள் போகும் முன்பே குச்சிகள் 'வியர்க்க'த் தொடங்கின. ஊறுகாய்க்கு மாங்காயில் உப்பிட்டால் நீர் விடுவதை நாம் அறிவோம். இங்கும் அதே விதிதான். மேற்பரப்பு நனைந்ததால் குச்சிகள் துவண்டு போயின. நான்காம் தட்டில் மாவு கூழாகி, குச்சிகள் தட்டோடு ஒட்டிக்கொண்டன. விளிம்பு கருகியது, நடுப்பகுதி நெகிழ்ந்தே நின்றது. முதல் தட்டு மட்டும் 'மொறுக்' என்று ஒலித்தது. அந்தத் தட்டு காலியாக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை!

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் தட்டுக் குச்சிகளானாலும், ஆறினால் அவற்றின் மொறுமொறுப்புக் குறைந்துவிடும். உள்ளேயுள்ள ஈரம் மெல்ல மெல்ல வெளியே வந்து மேலோட்டை நனைத்துவிடும். கடைப் பொட்டலத்து வறுவல் மாதக்கணக்கில் மொறுமொறுப்பாக இருப்பது, அதில் ஈரம் என்பதே ஏறக்குறைய இல்லாதபடி பொரித்துவிடுவதால்தான். ஆகவே இது சுடச்சுட உண்ணும் மாலைச் சிற்றுண்டி. பள்ளிக்கு டப்பாவில் கொடுத்தனுப்ப விரும்பும் அன்னையர், குச்சிகளை முழுவதும் ஆறவைத்த பிறகே மூடியைப் போடவும். மென்மையாகிவிட்டாலும் சுவை குன்றாது.

ஓவன் இல்லாத வீடுகளில்

எல்லா வீட்டிலும் ஓவன் இருப்பதில்லை. அதற்காக மனம் தளர வேண்டா. கனமான இரும்புத் தோசைக்கல் போதும். கிழங்கைக் குச்சியாக அல்லாமல், கால் அங்குலத்திற்கும் மெல்லிய வட்டங்களாக நறுக்கவும். ஊறவைத்துத் துடைத்து, மாவும் எண்ணெயும் புரட்டி, கல்லில் ஒரே அடுக்காகப் பரப்பவும். சிறு தீயில் முதல் 5 நிமிடம் மூடி வைத்தால் உள்ளே வெந்துவிடும். பிறகு மூடியை எடுத்து, அதில் திரண்ட நீர் கல்லில் சொட்டாமல் அகற்றிவிட்டு, திறந்தபடியே இருபுறமும் திருப்பித் திருப்பிச் சிவக்கவிடவும். ஓவனில் வரும் மொறுமொறுப்பு முழுவதும் வராது. ஆனாலும் ஓரங்கள் நன்றாக மொறுமொறுக்கும்.

சில வீடுகளில் இப்போது 'ஏர் ஃப்ரையர்' இருக்கிறது. அதுவும் சூடான காற்றை விசிறியால் வேகமாகச் சுழற்றும் சிறிய ஓவன்தான். 200 டிகிரியில், சிறிது சிறிதாகப் போட்டு, நடுவில் ஒருமுறை குலுக்கினால் 12 முதல் 15 நிமிடத்தில் ஆகிவிடும். சாதாரண மைக்ரோவேவ் அடுப்பு மட்டும் இதற்கு உதவாது. அது கிழங்கிலுள்ள நீரைச் சூடாக்குகிறதேயன்றி, மேற்பரப்பைக் காய வைப்பதில்லை.

சிக்கனம் பற்றியும் சொல்ல வேண்டும். 1500 வாட் ஓவன் முக்கால் மணி நேரம் இடைவிடாது எரிந்தால் ஒரு யூனிட்டுக்கும் சற்று மேல் மின்சாரம் செலவாகும். ஆகவே ஒரு தட்டுக்காக மட்டும் ஓவனை மூட்டாமல், அணைத்த பின் எஞ்சும் சூட்டில் ஒரு தட்டு நிலக்கடலையையோ, நமத்துப்போன பொரியையோ வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

பொன்னிறம் போதும்

சிலர் நன்றாகக் கருஞ்சிவப்பாக முறுகினால்தான் ருசி என்பர். இங்கே சற்று எச்சரிக்கை தேவை. 2002ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் ஒரு செய்தியை வெளியிட்டனர். மாவுச்சத்துள்ள பொருள்களை 120 டிகிரிக்கு மேல் பொரிக்கும்போதும் சுடும்போதும், 'அக்ரிலமைடு' என்ற பொருள் உண்டாகிறது என்பதே அச்செய்தி. அவற்றிலுள்ள சர்க்கரையும் 'அஸ்பராஜின்' என்ற அமினோ அமிலமும் சேர்வதாலேயே இது உண்டாகிறது. இது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று ஐயுறப்படும் பொருள். நிறம் கருமையாக ஆக ஆக இதன் அளவும் கூடும். எண்ணெயில் பொரித்தாலும், ஓவனில் சுட்டாலும் இது பொருந்தும். ஆகவே, 'எண்ணெய் இல்லை, எனவே எவ்வளவு முறுகினாலும் கேடில்லை' என்று நினைக்கலாகாது.

சர்க்கரைவள்ளியில் சர்க்கரை மிகுதியாதலால் விரைவில் நிறம் மாறிவிடும். கடைசி 10 நிமிடம் ஓவன் அருகிலேயே இருந்து கவனியுங்கள். விளிம்பு பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள். கருகியதைக் கழித்துவிடுங்கள். நாம் முன்னரே நீரில் ஊறவைத்ததும் இந்தப் பொருள் உண்டாவதைக் குறைக்க உதவுகிறது.

உள்ளே என்ன நிறம்?

இப்போது இக்கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். 'சர்க்கரைவள்ளியில் வைட்டமின் ஏ நிறைய இருக்கிறது' என்று பல புத்தகங்களில் படிக்கிறோம். அது பாதி உண்மைதான். எல்லாச் சர்க்கரைவள்ளியிலும் அது இல்லை! கிழங்கை வெட்டியதும் உட்சதை எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளையாகவோ வெளிறிய மஞ்சளாகவோ இருந்தால், வைட்டமின் ஏ ஆக மாறும் 'பீட்டா கரோட்டின்' அதில் மிகக் குறைவு. ஆரஞ்சு நிறமாக இருந்தால்தான் அது மிகுதி. மேல்தோலின் சிவப்பைக் கண்டு ஏமாற வேண்டா. நம் சந்தைகளில் கிடைக்கும் சிவப்புத் தோல் கிழங்குகளில் பெரும்பாலானவை உள்ளே வெள்ளைதான்.

வெள்ளைக் கிழங்கும் நல்ல உணவே. மாவுச்சத்து, நார்ச்சத்து, பொட்டாசியம் எல்லாம் அதிலும் உண்டு. ஆனால் கண்ணுக்கு வேண்டிய சத்தை நாடுவோர் நிறம் பார்த்தே வாங்க வேண்டும்.

வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். முற்றினால் குழந்தையின் பார்வையே போய்விடும். நோயை எதிர்க்கும் சக்தியும் குன்றும். இதனால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்க நம் நாட்டில் 1970ஆம் ஆண்டிலேயே தேசியத் திட்டம் ஒன்று தொடங்கி, வைட்டமின் சொட்டு மருந்து வழங்கப்பட்டது. சொட்டு மருந்து அவசியந்தான். ஆயின் அன்றாட உணவிலேயே அச்சத்து இருந்தால் எவ்வளவு நன்று! இந்த எண்ணத்தோடு ஆப்பிரிக்காவில் மொசாம்பிக், உகாண்டா முதலிய நாடுகளில் ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளியைப் பரப்பினார்கள். அங்கும் மக்கள் வழக்கமாக உண்டது வெள்ளைக் கிழங்குதான். இப்பணிக்காக மரியா ஆன்ட்ரேட், ராபர்ட் முவாங்கா, ஜேன் லோ ஆகிய மூவருக்கும், பயிர்களிலேயே சத்தைப் பெருக்கும் முயற்சிக்காக ஹோவர்த் பூயிஸ் என்பவருக்கும் 2016ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. இந்நால்வருள் இருவர் பெண்கள் என்பதைப் பெண்கள் பள்ளி இதழில் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

நம் நாட்டிலும் இத்தகைய வகைகள் உண்டு. திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 'ஸ்ரீ கனகா', 'பூ சோனா' என்ற ஆரஞ்சு வகைகளை உருவாக்கியுள்ளது. 100 கிராம் பூ சோனாக் கிழங்கில் பீட்டா கரோட்டின் 14 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது.

பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரையும் பொருள். உடன் சிறிது கொழுப்பு இருந்தால்தான் நம் குடல் அதை நன்கு ஏற்றுக்கொள்ளும். எனவே குச்சிகளில் நாம் சேர்க்கும் அந்த ஒன்றரைக் கரண்டி எண்ணெய் ருசிக்கு மட்டுமன்று, சத்து உடலில் சேர்வதற்கும்தான். எண்ணெயே கூடாது என்பதும் அறிவுடைமை அன்று; எண்ணெயில் மிதக்கவிடுவதும் அறிவுடைமை அன்று.

யாருக்கு, எவ்வளவு?

100 கிராம் பச்சைக் கிழங்கில் சுமார் 86 கலோரி சக்தியும், 20 கிராம் கார்போஹைட்ரேட்டும், 3 கிராம் நார்ச்சத்தும் உண்டு. ஓடி ஆடும் பிள்ளைகளுக்கு இது நல்ல மாலை உணவு. நிலக்கடலையோ, ஒரு குவளை மோரோ உடன் இருந்தால் குறைவாக உள்ள புரதமும் ஈடாகிவிடும்.

நீரிழிவு உள்ள தாத்தா பாட்டியர்க்குச் சற்று யோசித்தே கொடுக்க வேண்டும். சுட்ட கிழங்கு இரத்தத்தில் சர்க்கரையை விரைவாக ஏற்றும். தோலோடு அவித்த கிழங்கு அந்த அளவுக்கு ஏற்றாது. ஆகவே அவர்களுக்கு அவித்ததில் சிறு துண்டு, அதுவும் சோற்றின் அளவைக் குறைத்துக்கொண்டு, மருத்துவர் சொன்ன அளவுக்குள் இருக்கட்டும்.

முடிவாகச் சில சொற்கள்

கொல்லைப்புறத்துப் பச்சிலைக்கு மதிப்பில்லை என்பார்கள். சர்க்கரைவள்ளிக்கும் அந்தக் கதிதான். மதிய இடைவேளையில் அவித்த கிழங்கு கொண்டுவரும் மாணவி டப்பாவின் மூடியைப் பாதி திறந்தபடியே சாப்பிடுவதையும், பளபளக்கும் பொட்டலம் கொண்டுவருபவள் வட்டத்தின் நடுவில் உட்கார்ந்து அதைப் பிரிப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பாதி மூடிக்குள் இருப்பது பொட்டலத்தில் இருப்பதைவிட எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. இதைக் கணக்குப் போட்டே சொல்லலாம் என்பதை இக்கட்டுரையைப் படித்தவர்கள் அறிவார்கள். அத்தோழியின் அருகே போய் உட்கார்ந்து, ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்பதற்கு வேறு படிப்பு வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கிழங்கு வாங்கும்போது, "உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் கிழங்கு உண்டா?" என்று காய்கறிக்காரரைக் கேளுங்கள். "இல்லை" என்றுதான் பெரும்பாலும் விடை வரும். பரவாயில்லை, இருக்கும் கிழங்கை வாங்கிக்கொண்டு, அடுத்த வாரமும் அதையே கேளுங்கள். கேட்பவர் பலரானால் வியாபாரி தருவிப்பார்; வியாபாரி தருவித்தால் உழவர் பயிரிடுவார். அதுவரை, வெள்ளைக் கிழங்கானாலும், துடைத்து, இடைவெளி விட்டு, பொன்னிறமாகச் சுட்டெடுத்துப் பிள்ளைகள் வரும் நேரத்திற்குச் சூடாகத் தட்டில் வையுங்கள். "தின்ன என்ன இருக்கு?" என்ற கேள்வி பிறகு தெருமுனைக் கடை வரை போகாது.